பன்னிரண்டு செடிக்கு ஒரு பாத்தி

தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் நான் ஒரு பாத்திக்குப் படம் போட்டேன். ஒரு படம் அல்ல, பதினான்கு. டிராயிங் ஆபீஸில் இருபது வருஷம் உட்கார்ந்தவனுக்கு வேறு வழி தெரியாது. எதைச் சொன்னாலும் மேலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை, குறுக்கே வெட்டினால் ஒரு பார்வை என்று வரைந்து, அளவு குறித்து, மூலையில் கட்டம் கட்டித் தேதி எழுதினால்தான் அந்தப் பொருள் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

பாத்தி என்றால் வயலில் வரப்பு பிடிக்கிற பாத்தி இல்லை. தரைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்கு நாலு பக்கமும் செங்கல் கட்டி, உள்ளே நல்ல மண்ணை ரொப்பி, அதில் ஸ்ட்ராபெரிச் செடி வைப்பதற்கான மேட்டுப் பாத்தி. படப்பையில் ஸ்ட்ராபெரியா என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் சண்டைக்குப் போனேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. சண்டை போட ஆள் தேடிக்கொண்டிருந்த வருஷம் அது.

மாசி மாதம் என் மனைவி, சோறு நெஞ்சில் நிற்கிறது என்றாள். தண்ணீர் குடி என்றேன். அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவள். மென்று தின்னாமல் விழுங்கினால் நிற்காமல் என்ன செய்யும் என்று திட்டவும் செய்தேன். பங்குனியில் இட்லியே நின்றது. சென்னைக்குக் கூட்டிப்போய்க் குழாய் விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பொங்கல் வரைக்கும் இருந்தால் பெரிய விஷயம் என்றார்.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. கரண்ட் வைத்தால் கட்டி கரைந்துவிடுமாம் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருபது வருஷமாக வீட்டில் இரண்டே பேர். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கோடையில் ஸ்ரீபெரும்புதூர் பெயர் உலகம் முழுக்கப் பேப்பரில் வந்தது. எங்கள் கம்பெனி அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பென்னலூர் பக்கம். ஆபீஸில் எல்லாரும் அதையேதான் பேசினார்கள். எங்கள் வீட்டிலும் பேசினோம். ஆனால் நாளைக்குத் தாம்பரத்துக்கு பஸ் ஓடுமா, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியுமா என்பதுதான் பேச்சு.

கரண்ட் வைத்து முடித்தபோது அவளுக்குக் கஞ்சித் தண்ணீரும் மோரும்தான் இறங்கியது. மிருதுவாக எது கிடைத்தாலும் கொடுங்கள் என்றார்கள். நானும் வாங்கி வந்தேன். வாழைப்பழம் ஒட்டிக்கொண்டது. பப்பாளி குமட்டியது. சப்போட்டாவை மசித்துக் கொடுத்தால் நரநரவென்று இருக்கிறது என்றாள். ஒவ்வொன்றையும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்வதற்குச் சங்கடப்பட்டு, "அப்பறமா சாப்புட்றேன்" என்று மூடி வைப்பாள். அப்புறம் என்பது வராது. மாலையில் நான் எடுத்துத் தின்பேன், இல்லை கொட்டுவேன்.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் குன்னூர்க்காரர். லீவு முடிந்து வந்தபோது ஓர் அட்டைப் பெட்டியில் இலை பரப்பி ஸ்ட்ராபெரி கொண்டுவந்திருந்தார். வழியிலேயே பாதி நசுங்கி, பெட்டியின் அடி சிவப்பாக ஊறியிருந்தது. அதுவரை நான் அந்தப் பழத்தை ஐஸ்கிரீம் கடைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சொல்லாமல் தட்டில் வைத்தேன்.

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கடிக்காமல், நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கழுத்தையே பார்த்தேன். எதை விழுங்கினாலும் அங்கே ஒரு நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் வரும். அன்றைக்கு வரவில்லை.

"எறங்கிடுச்சி மாமா" என்றாள்.

நாலு பழம் சாப்பிட்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்குப் பிறகும் வலிக்கிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். முடிந்ததும் விரலை நக்கிக்கொண்டு, "இத்த நம்ம வூட்டுல வெக்க முடியாதா?" என்று கேட்டாள். அந்த வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

குன்னூர்க்காரரிடம் மறுநாள் கேட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது செடி கொண்டுவருகிறேன் என்றார். முன்னாலேயே கொண்டுவந்தால் நம் பக்கத்து வெயிலில் நிற்காது. தீபாவளியோடு வைத்தால் பனி முடிவதற்குள் பழம் பார்த்துவிடலாம், பங்குனியில் செத்துப்போகும், மறு வருஷம் புதுசாக வைக்க வேண்டியதுதான் என்றார். மறு வருஷம் என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மேஜையிலிருந்து எழுந்து வெளியே போகும்படி ஆயிற்று.

தீபாவளிக்கு நாலு மாதம் இருந்தது. நான் பென்சிலைச் சீவினேன்.

எங்கள் மனை முன்பு நஞ்சை. அதைக் கூறுபோட்டுக் கல் நட்டு விற்றிருந்தார்கள். வீடு கட்டியதும் அது தரையாகிவிடவில்லை. களிமண், காய்ந்தால் வெடிக்கும், கார்த்திகை மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். தரையில் வைக்கிற செடி அழுகிப்போகும். அதனால்தான் மேடு. இன்னொரு காரணம், அவளால் குனிய முடியாது. குனிந்தால் குடித்த கஞ்சி மேலே வந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பழம் பறிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப் பக்கம் பிரம்பு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து டேப்பைப் பிடித்தேன். கையைத் தொங்கவிடு என்றேன். உள்ளங்கை நின்ற இடம் தரையிலிருந்து ஒன்றரை அடி. அது பாத்தியின் உயரம். சாயாமல் கையை முன்னால் நீட்டு என்றேன். இரண்டடி நாலு அங்குலம். அது அகலம். இன்னும் கொஞ்சம் நீட்டுவாயா என்று கேட்டதற்கு, "ஜாக்கெட் தெக்கிறவங்கூட இப்டி அளவு எடுக்க மாட்டான்" என்றாள். கை மெலிந்து வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. நான் டேப்பில் இருந்த எண்ணைப் பார்த்தேன்.

நீளம் கணக்கில் வந்தது. அன்றைக்கு நாலு பழம் சாப்பிட்டாள் அல்லவா, தினம் நாலு என்று வைத்தேன். அதற்கு எத்தனை செடி என்று குன்னூர்க்காரரிடம் கேட்டேன். பன்னிரண்டு செடியாவது வேண்டும் என்றார். இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு, செடிக்குச் செடி ஓரடி. ஆறடி நீளம். வெயில் இரண்டு பக்கமும் சரிசமமாக விழ வேண்டும் என்பதற்காகத் தெற்கு வடக்காகப் போட்டேன். சுவரில் கீழ் வரிசையில் ஆறு இடத்தில் தண்ணீர் வடியத் துளை. அடியில் ஜல்லி, அதற்கு மேல் மணல், அதற்கு மேல் செம்மண்ணும் மக்கிய எருவும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒவ்வொரு விதமாகக் கோடு இழுத்தேன். ஆபீஸில் வேலை இல்லாத நேரத்தில் டிரேசிங் பேப்பரில் மையில் எடுத்து, பிரிண்ட் போட்டு, மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தாள், நான் செங்கல்லின் கனத்தில் கால் அங்குலம் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். காகிதத்தைப் பார்ப்பது அவளைப் பார்ப்பதைவிட எளிதாக இருந்தது. சாயங்காலம் வந்ததும் மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். அவள் பக்கத்தில் கட்டிலில் படுத்தபடி, "இன்னிக்கி இன்னா மாத்துன?" என்று கேட்பாள். சொல்வேன். சரி என்பாள்.

புரட்டாசியில் கொத்தனாரைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டைக் கட்டியவரே அவர்தான். வயதானவர், பேச்சு குறைவு, கை சுத்தம். படத்தைக் கொடுத்தேன். படம் படிக்கத் தெரிந்தவர். வெகு நேரம் பார்த்தார். கொல்லையில் நான் முளை அடித்து நூல் கட்டி வைத்திருந்த இடத்துக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது இன்னா சார் கட்டப்போறோம்?"

"பாத்தி. பழச்செடி வெக்கிறதுக்கு."

"பழச்செடியா." படத்தை மறுபடி பார்த்தார். "அளவு யாரு சார் குடுத்தது?"

"நான்தான். ஏன், தப்பா கீதா?"

"தப்பில்ல சார். கரெக்டா கீது. அதான் சங்கட்டமா கீது." குரலைத் தணித்துக்கொண்டார். "ஆறடி நீளம், ரெண்டே கால் அகலம், ஒண்ணரை ஒசரம். நாலு பக்கமும் கல்லு கட்டி, நடுவுல மண்ணு ரொப்பி, மேல செடி வெக்கிறது. தெக்கு வடக்கா வேற போட்டுகீறீங்க. போன மாசம் கல்லறைத் தோட்டத்துல இதே மாரி ஒண்ணு கட்டிக் குடுத்துட்டுத்தான் சார் வந்தேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

நான் நூலைப் பார்த்தேன். மூன்று மாதமாக மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் குறுக்கே வெட்டியும் பார்த்த பொருளை முதல் தடவையாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கூலி குடுக்குறேன், கட்டு. எதுக்குன்னு ஒனக்கு இன்னா?" என்றேன். வீடு கட்டின நாளிலிருந்து நான் அவரை ஒருமையில் பேசியதில்லை.

"ஆளு கீற வூட்டுல நான் இத்த கட்ட மாட்டேன் சார். நான் மட்டுமில்ல, எவனும் கட்ட மாட்டான். அம்மாவுக்கு வேற ஒடம்பு சரியில்லன்றாங்க." சமையலறை ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, படத்தை மடிப்புக் கலையாமல் மடித்து நாற்காலியில் வைத்தார். நான் அவரை என்னென்னவோ சொன்னேன். படிக்காத கூட்டம், முட்டாள்தனம் என்றெல்லாம் கத்தினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஜன்னலில் அவள் நின்றிருந்தாள். முதலிலிருந்தே நின்றிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. நான் உள்ளே போவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்தால் அவளுக்கு நெஞ்சு வலிக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"அந்தாள ஏன் மாமா திட்டுன? அளவு எடுத்தது எங்கிட்டதான? சரியாத்தான வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரிப் பேச்சு பேசாதே என்று அவளையும் அதட்டினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"ரோட்டாண்ட கெணத்து ஒற விக்கிறாங்கல்ல, சிமெண்டு ஒற. ரெண்டு வாங்கியாந்து ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி மண்ணு கொட்டிடேன். வட்டமா கீது, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கொத்தனாரும் தேவையில்ல."

நான் உடனே கணக்குப் போட்டேன். உறையின் வாய் மூன்றடி. ஓரத்தில் ஐந்து, நடுவில் ஒன்று.

"ஆறு செடிதான் வரும். பாதிகூட நல்லா காய்க்குமோ இன்னாமோ."

"ஆறு போதும் மாமா."

"ஒரு நாளைக்கி ரெண்டு பழங்கூட வராது."

"நாலு நாளைக்கி ஒண்ணு வந்தாக்கூட போதும்."

முடியாது என்றேன். பன்னிரண்டு செடி என்று முடிவாகிவிட்டது, பன்னிரண்டுதான் என்றேன். அன்றைக்கு அவளிடம் சொன்ன காரணம் பழக் கணக்கு. உண்மையான காரணம் அதுவல்ல. வடிவத்தை மாற்றினால் கொத்தனார் சொன்னதை நான் ஒத்துக்கொண்ட மாதிரி. அந்த அளவில் ஒன்று இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டால், ஏன் கூடாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் வராந்தாவில் சொன்னதையே நான் ஒத்துக்கொள்ளாமல் இருந்தேன். ஒரு கொத்தனார் சொல்லியா ஒத்துக்கொள்வேன்?

ஒரகடத்திலிருந்து வேறொருவரை வரவழைத்தேன். படத்தைப் பிரித்ததும் அவர், "எந்தத் தோட்டத்துல சார், யாருக்கு?" என்று கேட்டார். அவருக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு படத்தை மாற்றினேன். நீளத்தை இரண்டாக உடைத்து மூலையில் திருப்பினேன். அவள் கை எட்டவில்லை. எட்டுப்பட்டையாகப் போட்டேன், செங்கல்லை வெட்டி வெட்டி வைக்க வேண்டியிருந்தது. பிறைவடிவமாகப் போட்டேன். ஐப்பசி பிறந்தது. ஒவ்வொரு படத்தையும் அவளிடம் காட்டினேன். நல்லா இருக்கிறது என்றாள். உறையைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. கேட்டதை ஒரு தடவைக்கு மேல் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதை என் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் குன்னூர்க்காரர் செடியோடு வந்தார். பாசியில் வேரைச் சுற்றி, ஈரச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். பன்னிரண்டு செடி. நாலைந்தில் மொட்டு இருந்தது, ஒன்றில் வெள்ளையாய்ப் பூவே பூத்திருந்தது. "மொட்டோட பாத்துப் பாத்து எடுத்தாந்தேன். இன்னிக்கே மண்ணுல வெச்சிடுங்க, நாப்பது நாள்ல அம்மா கையால பழம் பறிச்சிடலாம்" என்றார். பாத்தி தயாராக இருக்கிறதல்லவா என்று அவர் கேட்கவில்லை. நாலு மாதமாகப் படம் போட்டவனிடம் யார் அதைக் கேட்பார்கள்?

எட்டுப்பட்டைப் பாத்தியைக் கட்ட ஸ்ரீபெரும்புதூர் கொத்தனார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நாலு நாள்தானே என்று நினைத்தேன். துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பைக் கொல்லை வாசலில் கூரையின் இறவாணத்துக்குக் கீழே வைத்து, கொல்லை மண்ணையே வெட்டிப் போட்டு, பன்னிரண்டையும் நெருக்கி வைத்தேன். அவள் வாசற்படியில் நின்று பூவைத் தொட்டுப் பார்த்தாள். "வாசனையே இல்ல" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை வந்து வெகு நாள் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை மழை பிடித்தது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கம்பெனியில் ஆடிட் வேலை, ஒரு ஷிப்ட் முடிந்து ஓ.டி.யும் பார்த்துவிட்டுப் போ என்றார்கள். சரி என்றேன். வீட்டில் அவளுக்குத் துணைக்கு யாரும் இல்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லத் தோன்றவில்லை. டப்பின் அடியில் நான் ஒரு துளைகூடப் போடவில்லை என்பதும் தோன்றவில்லை. பதினான்கு படத்திலும் தண்ணீர் வடிய ஆறு துளை குறித்தவன் நான்.

பஸ் வெள்ளத்தில் நின்று நின்று வந்து, நான் வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கொல்லைக் கதவு திறந்திருந்தது. பிரம்பு நாற்காலியை வாசற்படிக்கு இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். கூரைத் தண்ணீர் நேரே டப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் டம்ளரால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். டப்பை நகர்த்தப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. மத்தியானத்திலிருந்து மொள்கிறாளாம். புடவை முழுக்க நனைந்து, விரல்கள் வெளுத்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. டப்பில் களித்தண்ணீருக்கு மேலே செடிகள் வேரோடு மிதந்துகொண்டிருந்தன.

"நா மொள்ள மொள்ள ரொம்பிக்கினே கீது மாமா" என்றாள். ஏதோ தான் செய்த தப்புக்குச் சமாதானம் சொல்வது போலச் சொன்னாள்.

நான் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். எடையே இல்லை. அன்றைக்குத்தான் அழுதேன். அவள் எதிரில் அழக் கூடாது என்று எட்டு மாதம் வைத்திருந்தது அன்றோடு போயிற்று. அவள் என் தலையைத் துவட்டினாள், நனைந்திருந்தவள் அவள். பன்னிரண்டில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

சனிக்கிழமை மழை விட்டதும் ரோட்டுக்குப் போய் இரண்டு சிமெண்ட் உறை வாங்கி டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்தேன். டிராக்டர்க்காரரும் நானும் உருட்டி இறக்கினோம். அரை அடி பள்ளம் எடுத்து முதல் உறை, அதற்கு மேல் இரண்டாவது. தரைக்கு மேலே சரியாக ஒன்றரை அடி. ஜல்லி, மணல், செம்மண், எரு. பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைக் கொத்தனாருக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பினேன். புரட்டாசியில் அவள் சொன்ன அன்றைக்கே செய்திருந்தால் அன்றைக்கும் ஐந்து மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

அவளுக்கு அன்று காலையிலிருந்தே ஜுரம். இருந்தாலும் பார்க்க வேண்டும் என்றாள். போர்வையைச் சுற்றி நாற்காலியில் உட்காரவைத்தேன். கையை மண்மேல் வைத்தாள். முதுகை வளைக்காமல் கை படுகிற உயரத்தில் இருந்தது. மண்ணை உள்ளங்கையால் நிரவினாள். ஓரத்தில் ஐந்து இடத்தில் விரலால் குழி போட்டாள். கையை நீட்டி நடுவில் ஒன்று போட்டாள்.

"குன்னூர்க்காரரு பொங்கலுக்குப் போகும்போது மறுபடி கொண்டாரச் சொல்றேன்" என்றேன்.

"பொங்கலுக்கா" என்று கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "சரி, கொண்டாரட்டும். நீ வெச்சிடு" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வராந்தாவில் டாக்டர் சொன்ன கணக்கு அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஆறு போதும் என்று சொன்னவள் பழத்தை எண்ணவில்லை.

ஜுரம் நெஞ்சில் இறங்கியது. மழையில் நனைந்ததால்தானா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். அதனால் இல்லை, இந்த நோயில் எப்படியும் வரும் என்றார் டாக்டர். நல்ல மனுஷர். எனக்காக அப்படிச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கார்த்திகை முடிகிற சமயத்தில், கம்பெனி பஸ் ரோட்டில் ஹார்ன் அடித்துவிட்டுப் போன காலை வேளையில், அவள் போய்விட்டாள். குன்னூர்க்காரர் சொன்ன நாற்பது நாள் அந்த வாரத்தில்தான் முடிந்தது. யாரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை. நானே எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் வழக்கப்படி எரித்தோம். ஆறடிக்கு இரண்டே காலில் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. இதற்கா ஒரு மனுஷனைப் படிக்காத கூட்டம் என்று கத்தினேன் என்று இருந்தது. அந்தக் கொத்தனார் சுடுகாடு வரைக்கும் வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் படையல். அவளுடைய அக்கா முதல் நாளே வந்து சமையலைத் தொடங்கிவிட்டார். செத்தவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். கடைசியாக அவள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டது என்ன என்று அக்கா என்னைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. காலையில் படப்பைக் கடைத்தெரு முழுக்கத் தேடினேன், தாம்பரம் வரைக்கும் போய் வந்தேன். எங்கேயும் இல்லை. கொல்லையில் உறை நிறைய நல்ல மண் இருந்தது. அவள் போட்ட குழிகளை மழை அடைத்திருந்தது.

நான் திரும்பி வந்தபோது தலைவாழை இலை போட்டாகிவிட்டது. உளுந்து வடை, அதிரசம், கைமுறுக்கு, வறுத்த வேர்க்கடலை, பொரித்த அப்பளம், ஒரு குவியல் சோறு, கெட்டிக் குழம்பு. சின்ன வயதிலிருந்து அவளுக்கு எது எது பிடிக்கும் என்று ஞாபகம் வைத்துச் செய்திருந்தார்கள். எல்லாரும் கற்பூரத்துக்காகக் காத்திருந்தார்கள். அக்கா இன்னொரு முறுக்கை இலையோரம் வைத்தார்.

"இத்தையெல்லாம் எடுங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத்தையெல்லாம் எதுக்கு வெக்கிறீங்க? அவளால இத்த முழுங்க முடியாது. கஞ்சி வைங்க. மோர் வைங்க. இதெல்லாம் அவ நெஞ்சுல நிக்கும்." சொல்லிக்கொண்டே குனிந்து வடையை எடுத்தேன், முறுக்கை எடுத்தேன். ஒரு முறுக்கு உடைந்து இலையில் சிதறியது. யாரோ என் தோளைப் பிடித்தார்கள். நான் விடவில்லை. உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா என் எதிரில் உட்கார்ந்து, என் கையில் இருந்ததை மெதுவாக வாங்கினார்.

"விடு தம்பி" என்றார். "இனிமே அவளுக்கு எல்லாம் எறங்கும்."

முறுக்கை அவர் மறுபடி இலையில் வைத்தார். நான் தடுக்கவில்லை.